வயிற்றுப் பிள்ளை மேல் போடும் பழி

(திகனயில் தாய்மாருக்கென நடந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ரஜவெல்லயிலிருந்தும் கெங்கல்லயிலிருந்தும் பலகொல்லயிலிருந்தும் கைப்பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மாரே, குடும்பநல உத்தியோகத்தர்களே, பெரியவர்களே! வாசலோரம் நிற்கும் தகப்பன்மாரே, உள்ளே வந்து உட்காருங்கள். இது பெண்களின் சங்கதி என்று நழுவ முடியாது.

இன்றைய பேச்சு பல்லையும் முரசையும் பற்றியது. கர்ப்பிணிகள் கூட்டம் என்றால் இரத்தச்சோகை, பிரஷர், சீனி வருத்தம் பற்றிப் பேசுவார்கள். பல்லைப் பற்றி யார் பேசுவார்கள்? பல் வலித்தால் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளிப் போடுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் இன்று கொஞ்சம் குடைந்து பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மருமகளுக்கு நாலாம் மாதம். விடியற்காலையில் பைப்படியில் நின்று பல் துலக்குகிறாள். துப்பினால் நுரை சிவந்து வருகிறது. பயந்துபோய் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: “புள்ள உண்டானா அப்பிடித்தாம்மா. பல்லுல இருக்கிற சத்தையெல்லாம் அது உறிஞ்சிருது. பிரஷ்ஷ வச்சிட்டு வெறும் விரலால தேய்ச்சு விடு. பொறந்தப்புறம் சரியாயிரும்.”

அன்பாகச் சொன்ன புத்திதான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் அந்த அன்பு மருமகளின் வாயில் என்ன செய்யும் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதலில் அந்தச் ‘சத்து’. திகன மக்களுக்குக் கல்சியம் பற்றிப் பாடம் நடத்துவது கொஞ்சம் துணிச்சலான வேலை. காலடியில் டொலமைட் கல் கிடக்கும் ஊர் இது. அந்தக் கல்லிலேயே கல்சியம் இருக்கிறது. வயிற்றிலுள்ள பிள்ளையின் எலும்புக்கும் கல்சியம் வேண்டும்தான். பத்து மாதத்தில் ஏறக்குறைய 30 கிராம், அதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். அதைத் தாயின் உடம்பு எங்கிருந்து எடுக்கிறது? சாப்பாட்டிலிருந்து. கர்ப்பகாலத்தில் குடல் வழக்கத்தைப் போல் இரண்டு மடங்கு கல்சியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். பல்லிலிருந்து எடுக்குமா? எடுக்காது. பல்லின் வெளிப்பூச்சான எனாமலுக்குள் இரத்தக்குழாய் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை அங்கே போய் உறைந்த கல்சியத்தை மீட்டு எடுத்து வருவதற்கு உடம்பில் வழியே கிடையாது. கிளினிக்கில் தரும் கல்சியக் குளிசையைத் தவறாமல் போடுங்கள். அது எலும்புக்கும் பிள்ளைக்கும் போகிறது. சூத்தைப் பல்லை அது அடைக்காது.

அப்படியானால் பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பல் கெடுவதை நாம் கண்ணால் காண்கிறோமே? காண்கிறோம். மசக்கை வாந்தியில் வயிற்று அமிலம் பல்லில் படுகிறது. வாய்க்கு ருசியில்லை என்று மணிக்கொரு தரம் பிஸ்கட், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ, இரவில் ஒரு துண்டு கேக். பிரஷ்ஷை வாயில் வைத்தாலே குமட்டுகிறது என்று துலக்குவதும் நின்றுபோகிறது. ஏற்கெனவே இருந்த சூத்தைக்கு வைத்தியம் செய்யாமல் தள்ளிப் போடுகிறார்கள். இத்தனையும் சேர்ந்து பல்லைக் கெடுக்கின்றன; பழி மட்டும் இன்னும் உலகத்தைப் பார்க்காத பிள்ளையின் மேல் விழுகிறது!

இனி அந்தச் சிவந்த நுரை. இதற்காக உங்களை நெடுந்தூரம் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். டென்மார்க்குக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராக நம் மலைநாட்டுக்கு, பூண்டுலோயாவுக்கு வரப்போகிறோம்.

ஹரால்ட் லோ என்று ஒரு பல் வைத்தியர், நோர்வே நாட்டுக்காரர். டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில் பேராசிரியராக இருந்தார். 1963இல் வெளிவந்த ஆய்வுக்காக அவரும் ஜோன் சில்னெஸ் என்பவரும் 121 கர்ப்பிணிகளையும், பிள்ளை பெற்ற 61 பெண்களையும் உட்காரவைத்து முரசைப் பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள்? மெல்லிய உலோகக் கம்பி ஒன்றால் பல்லும் முரசும் சேரும் ஓரத்தை மெதுவாகத் தடவிப் பார்ப்பார்கள். இளஞ்சிவப்பாக இறுக்கமாக இருந்தால் பூச்சியம். சற்றுச் சிவந்து தடித்திருந்தும் இரத்தம் கசியாவிட்டால் ஒன்று. கம்பி பட்டதும் இரத்தம் கசிந்தால் இரண்டு. எதுவும் படாமல் தானாகவே கசிந்தால் மூன்று. அவ்வளவுதான் கணக்கு. இன்று உலகத்தின் எந்த மூலையில் உள்ள பல் வைத்திய மாணவரைக் கேட்டாலும் இந்தப் பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்றைச் சொல்வார். அந்த அளவுகோல் பிறந்தது கர்ப்பிணிகளின் வாயில்!

அவர்கள் கண்டது என்ன? பார்த்த கர்ப்பிணிகள் அத்தனை பேரின் முரசிலும் ஏதோ ஓர் அளவு அழற்சி இருந்தது. இரண்டாம் மாதத்திலிருந்து அது ஏறிக்கொண்டே போகிறது. எட்டாம் மாதத்தில் உச்சிக்குப் போகிறது. ஒன்பதாம் மாதத்தில் இறங்குகிறது. பிள்ளை பிறந்த பிறகு, இரண்டாம் மாதத்தில் இருந்த நிலைக்கே திரும்பிவிடுகிறது.

ஆக, மாமியார் சொன்ன “அப்பிடித்தான்” என்பதில் உண்மை இருக்கிறது. “பொறந்தப்புறம் சரியாயிரும்” என்பதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எதற்குத் திரும்புகிறது, கவனித்தீர்களா? நல்ல முரசுக்கு அல்ல, கர்ப்பத்தின் தொடக்கத்தில் எப்படி இருந்ததோ அந்த முரசுக்கு. கெட்ட முரசோடு தொடங்கியவள் அதே கெட்ட முரசுக்குத்தான் திரும்புகிறாள்.

ஏன் ஏறுகிறது? பல்லின் அடியில், முரசு ஓரத்தில் மெல்லிய பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும் கிருமிப் படலம் எல்லோர் வாயிலும் உண்டு. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவினால் வழுவழுவென்று தெரியுமே, அதுதான். மற்ற நாளில் அந்தப் படலத்தை முரசு ஒருமாதிரிச் சமாளித்துக்கொள்ளும். கர்ப்பத்தில் ஈஸ்திரோஜனும் புரோஜெஸ்திரோனும் பல மடங்கு ஏறும்போது முரசின் சின்னஞ்சிறு இரத்தக்குழாய்கள் விரிந்து கசியத் தொடங்குகின்றன. சில கிருமிகளுக்கு அந்த ஹார்மோனே தீனியாகிவிடுகிறது. அழுக்கு அதே அளவுதான், முரசு அதற்குக் காட்டும் கோபம்தான் கூடிவிட்டது. ஹார்மோனைக் குறைக்க முடியுமா? முடியாது, குறைக்கவும் கூடாது. படலத்தைக் குறைக்க முடியுமா? முடியும். இன்று இரவே முடியும்.

அதையும் லோ நிரூபித்தார். 1965இல் வெளிவந்த ஆய்வு அது. நல்ல முரசுள்ள 12 பேரைத் தெரிந்தெடுத்தார். பெரும்பாலோர் பல் வைத்திய மாணவர்கள். பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். மாமியார் மருமகளுக்குச் சொன்னதை ஒரு பேராசிரியர் மாணவர்களுக்குச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் 12 பேருக்கும் முரசு சிவந்து வீங்கி இரத்தம் கசிந்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை. திரும்பவும் துலக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முரசு பழையபடி ஆனது.

தாய்மாரே, இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். இரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்தினால் இரத்தம் கூடும். இரத்தம் வருகிற இடத்தைத்தான் இன்னும் நன்றாக, ஆனால் மென்மையாகத் துலக்க வேண்டும்.

இப்போது பூண்டுலோயாவுக்கு வருவோம்.

1970இல் அதே ஹரால்ட் லோவும் அவருடைய தோழர்களும் இலங்கைக்கு வந்தார்கள். டன்சினன், ஹெரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தொழிலாளர்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் நம் மலையகத் தமிழர்கள். பிரஷ்ஷும் பற்பசையும் பழக்கமில்லாத, பல் வைத்தியரின் கதிரையைக் கண்டிராத மக்கள். முரசு நோயை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களின் அதே பற்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார்கள். 1986இல் முடிவு வெளிவந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு நோய் நிதானமாக ஏறியது. நூற்றுக்கு 8 பேருக்கு மளமளவென்று ஏறி, நாற்பத்தைந்து வயதுக்குள் பற்கள் பெரும்பாலும் போய்விட்டன. நூற்றுக்கு 11 பேருக்கு முரசு வீங்கியதோடு நின்றது. அதற்கு அப்பால் போகவேயில்லை. இந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தை அநேகமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சூத்தையே இல்லாத பற்களை முரசு நோய் மட்டும் தனியே நின்று கழற்றியது.

2010இல், நாற்பது வருடம் கழித்து, அந்த 480 பேரில் 75 பேரைத் தேடிப்பிடித்து மீண்டும் பார்த்திருக்கிறார்கள். முரசு நோயைப் பற்றி உலகம் முழுவதும் படிக்கும் பாடத்தில் இந்த இரண்டு தோட்டத்துக்கும் நிலையான இடம் உண்டு.

ஆனால் ஒரு சங்கதி உறுத்துகிறது. அந்த 480 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அத்தனை பேரும் ஆண்கள். மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள் யார்? பிள்ளையைச் சுமந்துகொண்டே கூடையையும் சுமந்தவர்கள் யார்? டென்மார்க்கில் கர்ப்பிணிகளின் முரசை எண்ணிய அதே மனிதர் நம் மலைக்கு வந்தார். ஆண்களின் முரசை எண்ணிவிட்டுப் போனார். விஞ்ஞானத்துக்கு அதற்கென்று காரணம் இருந்திருக்கலாம். நம் வீட்டுப் பெண்களின் கணக்கு அந்த ஏட்டில் ஏறவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, பழங்கதை போகட்டும். இன்றைய நிலை என்ன? இந்த விஷயத்தில் நம் நாட்டைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே பேசலாம். குடும்ப சுகாதாரப் பணியகம் கர்ப்பிணிகளின் வாய்ச் சுகாதாரத்துக்கென்று 2009இல் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தாய்–சேய் நலத் திட்டத்துக்குள்ளேயே பல் பரிசோதனையும் இருக்கிறது. கிளினிக்கில் உங்களுக்குத் தரும் கர்ப்பிணிப் பதிவேட்டை எடுத்து விரித்துப் பாருங்கள். இரத்த வகை, நிறை, பிரஷர் என்று எழுதும் இடங்களோடு பல் பரிசோதனைக்கும் இடம் இருக்கும். எத்தனை பேருடைய பதிவேட்டில் அந்த இடம் நிரம்பியிருக்கிறது? வெறுமையாக இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் குடும்பநல மிஸ்ஸிடம் காட்டிக் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு கிடையாது. தெல்தெனியவுக்குப் போகலாம், கண்டிக்குப் போகலாம். சிக்கலான சங்கதி என்றால் பேராதனைப் பல் வைத்தியசாலை இருக்கிறது. நெடுங்காலம் இந்த நாட்டுப் பல் வைத்தியர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் படித்து வெளியேறிய இடம் அது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் இரவு பஸ் ஏறி அங்கே வருகிறார்கள். நமக்கு அது ஒரு காலைப் பயணம்.

போகாமல் இருப்பதற்குக் காரணம் பயம். கர்ப்பிணிக்கு ஊசி போடக் கூடாது, பல் பிடுங்கக் கூடாது, எக்ஸ்ரே பிடிக்கக் கூடாது என்று ஊர் முழுவதும் ஒரே பேச்சு. பல்லை விறைக்க வைக்கும் லிக்னோகேய்ன் ஊசியைக் கர்ப்பகாலத்தில் போடலாம். பல் எக்ஸ்ரேயின் கதிர் மிகச் சிறிது. ஈயக் கவசம் போட்டு, தேவையென்றால் எடுக்கலாம். பல்லைச் சுத்தம் செய்யலாம், அடைக்கலாம், பிடுங்கவும் செய்யலாம். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை இதற்கு நல்ல காலம்: மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் பெரிதாகியிருக்காது. கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது என்றால் மாதம் பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். சீழ் பிடித்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

வைத்தியரின் கதிரையில் ஒரு சின்ன நுணுக்கம். மாதம் ஏறிய பெண் நேராக மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும், கண் இருட்டும். வலது இடுப்புக்குக் கீழே ஒரு சிறு தலையணை வைத்து, உடம்பை இடது பக்கம் கொஞ்சம் சரித்துக்கொண்டால் போதும். வைத்தியருக்கு இது தெரியும். அவர் மறந்தாலும் நீங்கள் கேட்கலாம்.

மருந்து விஷயத்தில் மட்டும் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். வலிக்குப் பனடோல் போதும், அளவோடு. டெட்ராசைக்கிளின் வகை மருந்து பிள்ளையின் பல்லில் நிரந்தரக் கறையை ஏற்றும். புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளை வைத்தியர் சொல்லாமல் தொட வேண்டாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் அவை கூடவே கூடாது. எந்த வைத்தியரிடம் போனாலும் வாய்திறந்து சொல்லும் முதல் சொல் “எனக்கு இத்தனையாம் மாதம்” என்பதாக இருக்கட்டும்.

சிலருக்கு முரசில், இரண்டு பல்லுக்கு நடுவே, சிவந்த சிறு கட்டி ஒன்று முளைக்கும். தொட்டால் இரத்தம் கொட்டும். கண்டவுடன் புற்றுநோய் என்று வீடே அழும். பெரும்பாலும் அது கர்ப்பத்தோடு வரும் கட்டிதான், பிள்ளை பிறந்த பின் சுருங்கிவிடும். வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

முரசு நோயால் குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் எவ்வளவு உண்மை? 1996இல் அமெரிக்காவில் ஒஃபன்பாக்கர் என்பவரின் குழு அப்படி ஒரு தொடர்பைக் கண்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2005இல் நம் நாட்டிலேயே, புகைக்காத, குடிக்காத கிராமத்துக் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிலும் அந்தப் பக்கம் ஒரு சாய்வு தெரிந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பிறகு 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கர்ப்பத்திலும் மறு பாதிக்குப் பிரசவத்துக்குப் பிறகும் முரசு வைத்தியம் செய்து பார்த்தார்கள். குறைமாதப் பிரசவம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே, பல்லைச் சுத்தம் செய்தால் பிள்ளை நிறைமாதத்தில் பிறக்கும் என்று இந்த மேடையில் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. பயமுறுத்தி ஆட்களைக் கிளினிக்குக்கு வரவைப்பது நல்ல பழக்கமும் அல்ல. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கர்ப்பத்தில் செய்த அந்த வைத்தியத்தால் பிள்ளைக்கு ஒரு தீங்கும் வரவில்லை, தாயின் முரசு தேறியது. நமக்கு வேண்டிய பதில் அதுதானே?

வெற்றிலை பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் பல்லைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. புகையிலைக்குப் பேர்போன தும்பறைப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு புகையிலையைப் பற்றிப் பேசுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும்! மசக்கைக்கு வாய் கசக்கிறது என்று ஒரு வாய் வெற்றிலை. அது நாளைக்கு ஐந்தாகிறது, பத்தாகிறது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோயில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்கு. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்பார்கள். பரவாயில்லை அல்ல. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, உறுதியாகப் புற்றுநோய் தருபவற்றின் முதல் தொகுதியில் எழுதி வைத்திருக்கிறது. வாய் கசந்தால் ஒரு கராம்பை அடக்கிக்கொள்ளலாம், தேசிக்காயை முகர்ந்து பார்க்கலாம். பாக்கைத் தொட வேண்டாம்.

வாந்தி எடுத்த கையோடு பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அமிலம் பட்டு இளகியிருக்கும் எனாமலை அது உராய்ந்து எடுத்துவிடும். ஒரு கோப்பைத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். பிரஷ் குமட்டினால் சிறு பிள்ளைகளின் பிரஷ்ஷை வாங்குங்கள். தலை சிறியது, நார் மெத்தென்று இருக்கும். பற்பசையின் வாசம் ஆகாதென்றால் முதலில் வெறும் பிரஷ்ஷால் துலக்கிவிட்டு, கடைசியில் பட்டாணி அளவு ஃபுளோரைட் பசையைப் பூசலாம். காலையில்தான் துலக்க வேண்டும் என்று சட்டமா? குமட்டல் இல்லாத நேரம் பத்து மணி என்றால் பத்து மணிக்குத் துலக்குங்கள். இரவுத் துலக்கலை மட்டும் விடக் கூடாது. நாரைப் பல்லின் நடுவில் வைத்துத் தேய்ப்பதை விட்டு, முரசு ஓரத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்னதாய் அசையுங்கள். இரத்தம் வரும் இடம் அந்த ஓரம்தான். மிஸ்வாக் குச்சி பாவிப்பவர்கள் தாராளமாகப் பாவிக்கலாம். குச்சி எட்டாத பின் கடைவாய்க்குப் பிரஷ்ஷும் இருக்கட்டும்.

தகப்பன்மாரே, வேலை முடிந்து வரும்போது ஆசையாக வாங்கி வரும் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் கடலையோ கொய்யாவோ ஒரு சட்டித் தயிரோ வாங்கி வரலாமே? தடுப்பதற்காகச் சொல்லவில்லை. இனிப்பு ஆசை வந்தால் சாப்பாட்டோடு சாப்பிடட்டும். ஒரே தடவையில் சாப்பிட்ட இனிப்பைவிட, நாள் முழுக்கக் கொறித்த இனிப்புத்தான் பல்லைத் தின்னும். மனைவி பல் வைத்தியரிடம் போகும் நாளில் மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு கேள்வி வரும். பல பெண்கள் போகாமல் நிற்பது அந்த இடத்தில்தான். அதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

வயிற்றிலிருக்கும் பிள்ளையின் பால்பல் நாலாம் மாதத்திலேயே முரசுக்குள் இறுகத் தொடங்கிவிடுகிறது. பிறந்து ஆறு மாதம் போல் முதல் பல் வெளியே எட்டிப் பார்க்கும். தாயின் வாயில் சூத்தைக் கிருமி நிறைந்திருந்தால், சோற்றை ருசி பார்த்த அதே கரண்டியால் ஊட்டும்போது அதுவும் பிள்ளையின் வாய்க்குப் போகிறது. கரண்டியை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். பல் வைத்தியரைப் பிரசவத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். கைக்குழந்தையோடு அலைவதைவிட அது எளிது.

நேரம் போய்விட்டது. பின்னால் சில கைகள் உயர்வது தெரிகிறது. கேள்விகளை எழுதித் தருவதானால் முன்வரிசைக்கு அனுப்புங்கள், நேரில் கேட்பதானால் எழுந்து கேளுங்கள். கர்ப்பிணிப் பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கும் தாய்மார், அந்தப் பக்கத்தை மிஸ்மாரிடம் காட்டிப் பல் கிளினிக்குக்கு நாள் குறித்துக்கொள்ளலாம்.